அலமாரிக்குள் பீர் ஃபிரிட்ஜ் வைத்தவர்

அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. வலது பக்கக் கதவுகளில் துரு ஏறி, உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்திருந்தது. எங்கே போனாலும் அந்தப் பக்கம் சுவரையொட்டி இருக்கும்படிதான் நிறுத்துவார். அப்படி ஒரு சுவர் கிடைக்கும்வரை தெருத்தெருவாகச் சுற்றுவார். கூட வருகிற நான் சுவருக்கும் கதவுக்கும் நடுவில் வயிற்றை எக்கிக்கொண்டு இறங்க வேண்டும். "பெயிண்ட் அடிச்சிடலாமே அண்ணே" என்று ஒருமுறை கேட்டேன். "ஏன் தம்பி? ரோட்டாலை போறவனுக்குத் தெரியேல்லைத்தானே" என்றார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயர் வெளியே வருவது அவருக்குப் பிடிக்காது. இந்த ஒரு விஷயத்திலாவது அவர் விருப்பப்படி நடந்துவிட்டுப் போகிறேன்.

ஜெர்மனியில் ஆஹென் நகரில் நான் இயந்திரவியல் மேற்படிப்புப் படித்த காலம், இரண்டாயிரங்களின் தொடக்கம். நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் கூரைக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற அறையில் நான் இருந்தேன். முதல் மாடியில் அவரும், மனைவியும், இரண்டு பெண் பிள்ளைகளும். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் அகதியாக வந்து, பிஸ்கட் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிற வேலையில் நிலைத்தவர். ஊரில் தமிழர்கள் சேர்ந்து நடத்திய சின்னக் கோயிலின் நிர்வாக சபையில் இருந்தார். நெற்றியில் விபூதி இல்லாமல் அவர் படியிறங்கி நான் பார்த்ததில்லை.

நான் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அந்த வீட்டு வாசலைக் கடக்க வேண்டும். வெளியே வரிசையாகச் செருப்புகள் கிடக்கும். உள்ளேயிருந்து வறுத்த மிளகாய்த்தூள் வாசனை வரும். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதரிடம் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கதவுக்கு உள்ளே, அவர்கள் சாப்பிடுகிற மேசையில், எனக்கும் ஒரு நாற்காலி. வந்த முதல் இரண்டு மாதத்தில் அது இரண்டு முறை கிடைத்தது. அக்கா, அதாவது அவர் மனைவி, நண்டுக்குழம்பும் புட்டும் வைத்தார். சின்னவள் என் தமிழைக் கேட்டு, "படத்திலை கதைக்கிற மாதிரிக் கதைக்கிறார்" என்று சிரித்தாள். அன்று மாடியேறிப் போய் அம்மாவுக்கு ஃபோன் கார்டு தீரும்வரை அந்தக் குழம்பைப் பற்றியே பேசினேன்.

இரண்டாவது முறை சாப்பிட்டு முடித்ததும், "தம்பி, நீர் மெஷின் படிக்கிற ஆள்தானே. ஒருக்காக் கீழை வாரும், ஒரு சாமான் காட்டுறன்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

ஜெர்மனியில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் அடியில் கெல்லர் என்கிற நிலவறை இருக்கும். வீட்டுக்கு ஒரு தடுப்பு. பிறத்தியார் அதில் சைக்கிளும் உருளைக்கிழங்கும் வைப்பார்கள். இவர் தடுப்பில், தரையிலிருந்து உத்தரம்வரை மரத்தில் ஓர் அலமாரி. கதவில் பூவேலை செய்து, நடுவில் பித்தளைக் கைப்பிடி போட்டிருந்தார். மேலே, "பழைய உடுப்பு" என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தது. கதவைத் திறந்தார். உள்ளே ஒரு ஃபிரிட்ஜ். அதன் தலையில் துளை போட்டு, முழங்கை உயரத்துக்கு ஒரு குழாய்த் தண்டு நட்டு, மதுக்கடையில் இருப்பது போலப் பிடி வைத்த குழாய் பொருத்தியிருந்தார். ஃபிரிட்ஜுக்குள் ஐம்பது லிட்டர் பீர் பீப்பாய் ஒன்றும் வாயு சிலிண்டரும். எல்லாம் அவர் கைவேலை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் முழுச் சாராயக்கடையைப் பழைய உடுப்பில் மறைத்திருந்தார்.

"கோயில் ஆக்கள் வந்து போற வீடு. மாமியும் வருவா. கண்ணிலை படக்கூடாது" என்றார்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாமல் இருக்குமே? தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருக்கோணும் தம்பி. அதுதான் மரியாதை."

இதை அவர் வாயிலிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. மகளுக்கு மார்க் குறைந்தால், கோயில் கூட்டத்தில் சண்டை வந்தால், மச்சான் குடித்துவிட்டு மனைவியை அடித்தால், எல்லாவற்றுக்கும் இந்த ஒரே மருந்து. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அவரிடம் இருந்தது, விதவிதமான அளவில்.

குழாயைத் திறந்தார். கிளாஸ் நிறைய நுரை. இரண்டாவது கிளாஸிலும் முக்கால்வாசி நுரைதான். மூன்றாவதில்தான் பீர் என்று சொல்லத்தக்க ஒன்று வந்தது, அதுவும் வெதுவெதுப்பாக. "ஒரு வருசமாய் உதுதான் கதை. ஃபிரிட்ஜ் இரவு பகலாய் ஓடுது. நுரைதான் வருது, பியரைக் காணேல்லை" என்றார்.

என்ன கோளாறு என்று பார்த்த உடனே தெரிந்தது. ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை; உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து முதுகுப்பக்கக் கறுப்புக் கம்பிச் சுருள் வழியாக வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். இவர் அதை மரப்பெட்டிக்குள் அடைத்து வைத்திருந்தார். தள்ளின சூடு போக இடமில்லாமல் அதையே சுற்றி நின்றது. கையை விட்டுப் பார்த்தேன், தோசைக்கல் பக்கத்தில் கை வைத்த மாதிரி இருந்தது.

"அண்ணே, முதல்ல இந்த அலமாரியக் கழட்டணும்."

"அது ஏலாது."

"அப்ப ஃபிரிட்ஜ் செத்துப்போயிடும்."

"அலுமாரியும் இருக்கோணும், பியரும் குளிரோணும். அதுக்குத்தானே உம்மைக் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்று என் தோளில் தட்டினார். அந்தத் தட்டலில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது. பல்கலைக்கழகத்தில் என்னிடம் யாரும் எதற்கும் யோசனை கேட்டதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்கள் எல்லாம் அந்தக் கெல்லரில்தான் போயின. ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்தோம். அலமாரியின் அடியில் முன்பக்கம் நீளமாக ஒரு வாயும், உச்சியில் பக்கவாட்டில் ஒரு வாயும் அறுத்தோம். கீழே குளிர்ந்த காற்று நுழையும், சூடானது தானாக மேலே ஏறிப் போய்விடும். இதற்கு மெஷின்கூட வேண்டாம், வழி விட்டால் போதும்.

அடுத்த வாரம் போனால் மேல்வாயை மறைத்துக்கொண்டு ஒரு சாமி காலண்டர் தொங்குகிறது.

"அண்ணே! காத்து போகணும்னுதானே அறுத்தோம்?"

"ஓட்டையைப் பாத்தால் உள்ளை என்ன எண்டு கேப்பினம். சாமிப் படத்துக்குப் பின்னாலை ஆர் பாக்கப் போகினம்?"

காலண்டரைக் கழற்றி வேறு சுவரில் மாட்டினேன். அதற்கடுத்த வாரம் அந்த இடத்தில் சல்லடைத் துணி ஒன்று தொங்கியது. "உது காத்து போற துணி" என்று அவரே ஊதிக் காட்டினார். சரி என்று விட்டுவிட்டேன். அவரோடு வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை. அவர் குரலை உயர்த்தவே மாட்டார், நாம் திரும்பிய பிறகு மூடிவிடுவார்.

பெட்டிக்கு வெளியே காற்று சரியானதும் உள்ளேயும் அதே வியாதி என்று தெரிந்தது. மூன்று வெப்பமானி வைத்து அளந்தேன். பீப்பாயின் அடியில் இரண்டு டிகிரி. மேல்தட்டில் ஒன்பது. குழாய்த் தண்டுக்குள் பதினாறு. குளிர்ந்த காற்று கனமானது, கீழேயே உட்கார்ந்துவிடும். மேலே தானாக ஏறாது. கீழே இருந்து குளிர்ச்சியாகக் கிளம்புகிற பீர் சூடான தண்டுக்கு வந்ததும் பொங்கி நுரைக்கிறது. இதில் உவமை தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும், எனக்கு அன்று வேலை இருந்தது. பல்கலைக்கழகக் குப்பையில் கிடந்த கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சின்ன ஃபேனைக் கழற்றி வந்தேன். அதை ஃபிரிட்ஜின் அடியில் வைத்து, பழைய வாக்யூம் கிளீனர் குழாய் ஒன்றை அதன் வாயில் மாட்டி, மறுமுனையைத் தண்டுக்குள் செருகினேன். மின்கம்பியைத் தண்ணீர் வடிகிற துளை வழியாக வெளியே எடுத்தேன். தண்டைச் சுற்றி அவர் தன் பழைய குளிர்கோட்டின் பஞ்சை வெட்டிச் சுற்றினார். கதவைத் திறக்கும்போதெல்லாம் ஃபிரிட்ஜ் பதறி ஓடாமல் இருக்க, வெப்பத்தை உணர்கிற முனையை ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குள் இறக்கினோம்.

மறுநாள் சாயங்காலம் குழாயைத் திறந்தபோது முதல் கிளாஸே பொன்னிறமாக வந்தது. மேலே இரண்டு விரல் நுரை, அதற்குமேல் இல்லை. அவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். "தம்பி, நீர் பெரிய ஆள்" என்றார். கண் கலங்கியிருந்தது, பொய் இல்லை. அந்த மனிதரிடம் பாசம் இருந்தது. இல்லாதிருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை.

நான் விசா நீட்டிக்க அலுவலகத்துக்குப் போன அன்று, தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். "டெர்மின் எண்டால் அஞ்சு நிமிசம் முந்தி நிக்கோணும், அவங்கள் உதைத்தான் முதல் பாப்பாங்கள்" என்று விடியற்காலையே எழுப்பினார். டெர்மின் என்றால் அலுவலகத்தில் குறித்துக் கொடுத்த நேரம். அங்கே இருந்த அதிகாரி அம்மா என் கடிதத்தைத் திருப்பித் தள்ளியபோது, எனக்குத் தெரியாத ஜெர்மனில், குரல் உயராமல், பத்து நிமிடம் பேசி முத்திரை வாங்கிக் கொடுத்தார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் வைத்துக் கொண்டுவந்தார். என் அறையில் உட்கார்ந்து, நான் போட்ட டீயைக் குடித்து, "சீனி கூட" என்று குறை சொன்னார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டாவது கிளாஸ் முடிகிற நேரத்தில் கேட்டார்.

"இவ்வளவு தூரம் வந்து படிக்கிறதெண்டால் லேசில்லையே. வீட்டிலை வசதியோ?"

"இல்லண்ணே. கவர்ன்மென்ட் ஸ்காலர்ஷிப். எங்க ஆளுங்களுக்குன்னு குடுக்கறது."

"உங்கட ஆக்கள் எண்டால்?"

நான் மறைக்கவில்லை. அதில் மறைக்க என்ன இருக்கிறது என்று வளர்க்கப்பட்டவன் நான். "எஸ்.சி. அண்ணே" என்றேன். அவருக்கு அந்த எழுத்துகள் புரியவில்லை என்று தெரிந்தது. தாழ்த்தப்பட்ட சாதி என்று புத்தகத் தமிழில் சொன்னேன். அதுவும் போதாதோ என்று, ஊருக்கு வெளியே எங்கள் தெரு தனி, அதைக் காலனி என்பார்கள், தாத்தா காலத்தில் ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள் என்றெல்லாம் கதை போலச் சொன்னேன். ஒரு பொறியாளன் இன்னொருவருக்கு விளக்குகிற உற்சாகத்தில் சொன்னேன்.

அவர் எழுந்து எனக்கு இன்னொரு கிளாஸ் பிடித்து வைத்தார். குழாயின் வாயைத் துணியால் துடைத்தார். "நல்ல விசயம். அரசாங்கம் குடுக்கிறதை எடுக்கத்தான் வேணும்" என்றார். அப்புறம் ஃபேன் சத்தம் கொஞ்சம் கூடுதலோ என்று கேட்டார். நானும் குனிந்து பார்த்தேன். அவ்வளவுதான் நடந்தது.

அதன்பிறகு அவர் என்னை ஒரு வார்த்தை தாழ்வாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டிருப்பேன். வெள்ளிக்கிழமைகள் நடந்தன. பீர் வந்தது. ஆட்டுக்கறியும் இடியப்பமும் மேலேயிருந்து டப்பாவில் இறங்கி வந்தன. நான் மட்டும் மேலே போகவில்லை. "பிள்ளையள் படிக்கினம்", "மாமி நிக்கிறா", "வீடு பூசுறம்" என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம். எல்லாமே நிஜமான காரணங்கள். மாமி நின்றார், பெயிண்ட் வாசனையும் வந்தது. என் அறைக்கு எப்போதாவது வருவார். டீ கொடுத்தால் வாங்கி ஜன்னல் விளிம்பில் வைப்பார். பேசுவார். கிளம்பும்போது அது ஆடை படிந்து அப்படியே இருக்கும். "இப்பதான் குடிச்சனான் தம்பி" என்பார். நான் சீனியைக் குறைத்துப் பார்த்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், இஞ்சி தட்டிப் போட்டுக்கூடப் பார்த்தேன்.

பனி கொட்டிய ஒரு மத்தியானம் சாவியை ஆய்வகத்தில் மறந்துவிட்டு, அவர்கள் வாசலுக்கு எதிர்ப்படியில் உட்கார்ந்திருந்தேன். சாவி வைத்திருக்கும் நண்பன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். அக்கா கதவைத் திறந்து, "ஐயோ, ஏன் குளிருக்கை இருக்கிறீர்? உள்ளுக்கை வாரும்" என்றார். நான் ஒரு ஷூவைக் கழற்றியும்விட்டேன். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "கெல்லர்த் திறப்பைக் குடும் அவரிட்டை. அங்கை ஹீட்டர் இருக்கு, வசதியாய் இருப்பார்." அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சாவியை நீட்டினார். கழற்றின ஷூவைத் திரும்ப மாட்டிக்கொண்டு கீழே போனேன். ஹீட்டர் நன்றாகத்தான் இருந்தது.

எனக்குத் தெரியும். அன்றே தெரியும். ஆனால் தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருக்க அவரிடமே பயின்றுகொண்டிருந்தேன். வேறு யாரும் இல்லாத ஊரில், ரசம் கொண்டுவந்த ஒரே மனிதரை இழக்கிற தைரியம் எனக்கு இல்லை. ஒருநாள் மனம் மாறி, "மேலை வாரும் தம்பி" என்று சொல்லிவிடுவார் என்று ஒன்றரை வருடம் நம்பினேன்.

மறுவருடக் கோடையில் மூத்த மகளின் சாமத்திய வீடு வந்தது. பெண் பெரியவளானதற்குச் செய்யும் விசேஷம். நாங்கள் மஞ்சள் நீராட்டு என்போம். லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் சொந்தக்காரர்கள். நகருக்கு வெளியே பெரிய மண்டபம். முந்நூறு பேருக்குச் சாப்பாடு, பல்லக்கு, இரண்டு வீடியோக்காரர்கள். கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும், ஜெர்மன்காரக் கிழவி உட்பட, தங்க எழுத்துப் போட்ட அழைப்பிதழ் போனது. எனக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை கெல்லரில் அவரே பேச்செடுத்தார்.

"உமக்கென்ன கார்ட்? நீர் வீட்டு ஆள்தானே. நீர் இல்லாட்டி ஒண்டும் ஏலாது."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் கரைந்தேன். வெள்ளைச் சட்டை ஒன்று புதிதாக வாங்கினேன். பெண் படம் வரைவாள் என்று தெரியும். அவளுக்கு நல்ல கலர்பென்சில் பெட்டி ஒன்று வாங்கி, ரிப்பன் கட்டினேன்.

விசேஷத்தன்று விடியற்காலையே வந்து கதவைத் தட்டினார். ஃபிரிட்ஜை மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டுமாம். இரண்டு பேரும் தூக்கி வேனில் ஏற்றினோம். இது அவர்கள் விசேஷங்களில் வழக்கம்: மண்டபத்தில் பால், பழம், பூசை, பின்னறையில் ஆண்களுக்குக் குடி. ஒவ்வொருவராக, "ஒரு ஃபோன் கோல் கதைச்சிட்டு வாறன்" என்று எழுந்து போவார்கள், ஏலக்காய் மென்றுகொண்டு திரும்புவார்கள். பெண்களுக்குத் தெரியும், பூசை செய்கிற ஐயருக்கும் தெரியும். யாரும் பேசமாட்டார்கள்.

பின்னறை நாற்காலி அடுக்கும் இடம். ஒரே ஜன்னல். நான் ஃபிரிட்ஜை நடுவில் நிறுத்தப் பார்த்தேன். அவர் மூலைக்குத் தள்ளி, மேடை அலங்காரத்தில் மிஞ்சிய சிவப்பு சாட்டின் துணியை எடுத்து நாலு பக்கமும் சுற்றி, மேலே ஊசி குத்தினார். குழாய் மட்டும் முன்னால் மூக்கு போல நீட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இன்னைக்கு வெயில் முப்பதுக்கு மேல. துணி பின்னாடி கம்பியில ஒட்டினா ஒரு மணி நேரத்துல சூடாயிடும்."

"வீடியோக்காரன் சுத்திச் சுத்தி எடுப்பான் தம்பி. ஃபிரிட்ஜ் எண்டு தெரியக்கூடாது. நீர் பக்கத்திலை நிண்டு பாத்துக்கொள்ளும்."

சொன்னபடியே ஆயிற்று. பதினொரு மணிக்கு நுரை வர ஆரம்பித்தது. லண்டன்காரர் ஒருவர் கிளாஸை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, "உதென்ன, சவர்க்காரத் தண்ணியோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் முகம் செத்துப்போனது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் ஓடினேன். சமையலறையில் ஒரு மேசை ஃபேன் கெஞ்சி வாங்கி வந்தேன். ஃபிரிட்ஜை ஓரடி முன்னே இழுத்து, சுவருக்கும் அதற்கும் நடுவில் நான் நுழைந்துகொண்டு, ஜன்னல் காற்றைக் கம்பிச் சுருள்மேல் திருப்பினேன். துணி உள்ளே உறிஞ்சப்படாமல் இருக்க அதை என் முதுகால் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். குழாய்த் தண்டில் ஐஸ் சுற்றிய ஈரத் துண்டைக் கட்டினேன். இருபது நிமிடத்தில் நுரை அடங்கியது. வெள்ளைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டி, சாட்டின் சாயம் இறங்கி அங்கங்கே சிவந்திருந்தது.

மண்டபத்தில் நாதஸ்வரம் வாசித்தார்கள். பெண்ணை அழைத்து வருகிறார்கள் என்று புரிந்தது. எட்டிப் பார்க்கலாம் என்றால் முதுகை எடுக்க முடியாது. பரிசுப் பெட்டி ஜன்னலில் இருந்தது. சாப்பாட்டு நேரமும் வந்தது. பந்தியில் இலை போடுகிற சத்தம் கேட்டது. கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அக்காவின் தம்பி ஒருவன் காகிதத் தட்டில் சோறும் மூன்று கறியும் போட்டுக் கொண்டுவந்து ஜன்னலில் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனான்.

துணிக்கு அந்தப் பக்கம் அந்த லண்டன்காரரின் குரல். "மச்சான், உள்ளை ஒரு பெடியன் நிக்கிறான். ஆர் அவன்? பந்திக்குக் கூப்பிடன், பாவம்."

அவர் சொன்னார்: "இந்தியாப் பெடியன். ஃபிரிட்ஜ் பாக்க வந்தவன்."

"அதுக்கென்ன, எங்களோடை வந்து இருக்கட்டுமே."

"சாப்பாடு குடுத்துவிட்டாச்சு. அவையளைப் பந்தியிலை இருத்த ஏலாது. விடு, பிறகு சொல்லுறன்."

அவையள். ஒருவன்தான் நின்றேன். அவர் பன்மையில் சொன்னார். என்னோடு என் அப்பாவையும் அம்மாவையும் காலனி முழுவதையும் அந்தத் துணிக்குப் பின்னால் நிறுத்தினார். லண்டன்காரர், "ஓ" என்றார். அந்த "ஓ"வில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதற்குமேல் கேட்கவில்லை.

ஃபேனின் பிளக் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. பிடுங்கியிருக்கலாம். அதுகூட வேண்டாம், ஓரடி நகர்ந்து வெளியே வந்திருந்தால் போதும், துணி கம்பியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அரை மணியில் முந்நூறு பேர் விசேஷத்தில் குழாய் நுரை கக்கியிருக்கும். துணியை இழுத்துக் கீழே போட்டுவிட்டு, பந்தி நடுவில் போய் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்திருக்கலாம். இன்றைக்கும் பஸ்ஸில் போகும்போது, குளிக்கும்போது, நான் அப்படித்தான் செய்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வசனம் பேசுகிறேன்.

என் அப்பா மின்வாரியத்தில் கம்பம் ஏறியவர். "நம்ம கை பட்ட வேலையில ஒருத்தன் குறை சொல்லக்கூடாதுடா. அப்பதான் நம்மள மதிப்பான்" என்பார். மின்சாரம் சரிசெய்து கொடுத்த வீடுகளில் அவருக்குத் தண்ணீரைச் சொம்பிலிருந்து கையில் ஊற்றினார்கள். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த கம்பத்தை அதைவிட நன்றாகக் கட்டுவார். அந்த மண்டபத்தில் நான் செய்ததும் அதைத்தான். துண்டில் ஐஸ் கரைந்தபோது மாற்றினேன். வாயு அழுத்தம் குறைந்தபோது திருகினேன். முதல் பீப்பாய் தீர்ந்தபோது இரண்டாவதை ஒற்றை ஆளாகத் தூக்கி வைத்தேன். அந்த நாளில் கடைசிக் கிளாஸ் வரை பீர் குளிராகவே இருந்தது. அவ்வளவு நல்ல வேலையை அதற்கு முன்னும் பின்னும் நான் செய்ததில்லை. அவரை மன்னிக்க முடியவில்லை என்பது உண்மை. அதைவிட, அந்தக் குளிரை மன்னிக்க முடியவில்லை.

நாலு மணிக்குக் கூட்டம் கலைந்தது. அவர் துணியை விலக்கினார். வியர்த்து நின்ற என்னைப் பார்த்து முகம் நிறையச் சிரித்தார். அதில் குற்றவுணர்ச்சி இருந்ததா என்று தேடினேன். இல்லை, நன்றிதான் இருந்தது.

"மானத்தைக் காப்பாத்திப் போட்டீர் தம்பி. சாப்பிட்டனீரே?"

"சாப்பிட்டேண்ணே."

தட்டு ஜன்னலில் அப்படியே இருந்தது. அவர் பார்த்தார். பார்த்தாலும் பார்க்காத மாதிரி, துணியை மடிக்க ஆரம்பித்தார்.

அப்போது லண்டன்காரர் ஏலக்காய் மென்றுகொண்டு உள்ளே வந்தார். தன் தங்கைக்கு பான் நகரில் அடுத்த மாதம் வீடு குடிபூரலாம், அதாவது புதுமனை புகுவிழா. என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே கேட்டார்: "உந்த ஃபிரிட்ஜ் செட்டை அப்பிடியே அங்கையும் கொண்டு வரேலுமோ? பெடியன் வருவானோ?"

"ஓம், ஓம். அவன் வருவான்" என்றார்.

அடுத்த மாதம் நான் போனேன்.